சாம்பாரும் ஓர் 'எச்' எழுத்தும்

தில்லியில் நம்மவர் வீடுகளில் நடக்கும் சிறு தொழில்களைக் கணக்கெடுத்தால் பெரிய பட்டியலே வரும். இட்லி மாவு, சாம்பார்ப் பொடி, வடாம், பட்சணம், பாட்டு வகுப்பு, நாட்டிய வகுப்பு, கொலு பொம்மை, விசேஷங்களுக்குச் சமையல் என்று எத்தனையோ. இவற்றில் பெரும்பாலானவை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய் வளர்ந்தவை. கரோல் பாகில் ஒரு மாமி பொடி அரைக்கிறார் என்பது லோதி காலனிக்குத் தெரிய ஒரு கல்யாண வீடு போதும். ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் இருவர் பேசிக்கொண்டால் மயூர் விஹார் வரை சேதி போய்விடும்.

அந்த வழி இன்னும் அடைபட்டுவிடவில்லை. ஆனால் அது நம்மை அறிந்தவர்களுக்கான வழி. நம்மை அறியாதவர் என்ன செய்வார்? போன மாதம் மாற்றலாகி நொய்டாவுக்கு வந்த குடும்பத்துக்கு இங்கே யாரையும் தெரியாது. நம் வீட்டுச் சாம்பாரை ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு மறக்க முடியாமல் தவிக்கிற பஞ்சாபி வீட்டுக்காரருக்கு நம் சங்கமும் தெரியாது, கோயிலும் தெரியாது. இவர்கள் செல்போனை எடுத்துக் கூகுளில் தேடுகிறார்கள். தேடும்போது ஒரு சொல்லையோ ஒரு சொற்றொடரையோ தட்டுகிறார்கள், அல்லது வாயால் சொல்கிறார்கள். அதைத்தான் இன்டர்நெட் தொழிலில் 'கீவேர்ட்' என்கிறார்கள். நாம் தேடுசொல் என்று வைத்துக்கொள்வோம்.

நம்மவர் பலர் மகனையோ மருமகளையோ பிடித்து ஓர் இணையப் பக்கம் போட்டுவிடுகிறார்கள். படமெல்லாம் அழகாக இருக்கும். மாதங்கள் போகும், ஒரு போன் வராது. "இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் சரிப்படும்" என்று விட்டுவிடுவார்கள். அல்லது "முப்பதே நாளில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம்" என்று போனில் பேசும் யாரிடமாவது ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலான வேளைகளில் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது நம்முடைய சொல்; தேடுகிறவர் தட்டுவது அவருடைய சொல். இரண்டும் சந்திக்கவே இல்லை.

ஏரியா, மானா, குழம்பா?

சாம்பாரையே எடுத்துக்கொள்வோம். மயூர் விஹாரில் ஒருவர் வீட்டில் சாம்பார்ப் பொடி அரைத்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பக்கத்தில் ஆங்கில எழுத்தில் 'சாம்பார் பொடி' என்று எழுதியிருக்கிறது. நமக்கு அது போதும். வடக்கத்தியருக்குப் 'பொடி' என்ற சொல்லே கிடையாது. அவருக்கு எல்லாம் 'மசாலா'. இந்தப் பக்கத்தில் பெயர்பெற்ற எம்.டி.எச். நிறுவனத்தின் டப்பாவைப் பாருங்கள்: 'சாம்பார் மசாலா' என்று இருக்கும்; அதிலும் ஆங்கிலத்தில் 'பி' எழுத்துக்குப் பின்னால் ஓர் 'எச்' நிற்கும். நாக்பூரிலும் லக்னோவிலும் கடைக்காரர் அப்படித்தான் எழுதி மாட்டுகிறார். நம் ஊர்க் கம்பெனிகளின் பாக்கெட்டுகளில் அந்த 'எச்' இருக்காது, 'பவுடர்' என்று இருக்கும். ஆக, ஒரே பண்டத்துக்குப் பொடி, பவுடர், மசாலா என்று மூன்று பெயர். எச் உண்டு, எச் இல்லை என்று இரண்டு எழுத்துமுறை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சாம்பார் என்ற ஒரே சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் தட்டினால் நம் குழம்பு மட்டும் வந்து நிற்பதில்லை. ராஜஸ்தானில் ஜெய்ப்பூருக்கு மேற்கே சாம்பர் ஏரி இருக்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய உள்நாட்டு உப்பு ஏரி அதுதான். 1990-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பாதுகாக்கப்பட்ட நீர்நிலைகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2019-இல் அங்கே ஆயிரக்கணக்கான பறவைகள் மடிந்து நாடு முழுவதும் செய்தியானது. அதன் பெயரில் 'எச்' உண்டு. நாம் கடமான் என்றும் மிளா என்றும் சொல்கிற பெரிய மானுக்கும் ஆங்கிலத்தில் சாம்பர் என்றுதான் பெயர். அதைப் பெரும்பாலும் 'எச்' இல்லாமல் எழுதுகிறார்கள். எச் போட்டால் ஏரி, போடாவிட்டால் மான்! நடுவில் நம் துவரம்பருப்பு.

நம் முன்னோருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நிகண்டுகளைப் புரட்டினால் ஒரு பொருளுக்கு எத்தனை பெயர் என்று ஒரு பகுதியும், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று இன்னொரு பகுதியும் இருப்பதைக் காணலாம். சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல் பல்பொருள்தான். தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரித்தார். வெளிமாநிலத்தில் கடை போட்டவனுக்குத் திசைச்சொல்தான் முக்கியம். எந்தத் திசையில் இருக்கிறோமோ அந்தத் திசையின் சொல்.

இப்படி ஒரு சிறு நிகண்டை ஒவ்வொரு வீட்டுத் தொழிலும் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும். முறுக்கு விற்கிறவர் 'சக்லி' என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அப்பளம் விற்கிறவர் 'பாப்பட்' என்பதை. இட்லி மாவு விற்கிறவருக்குக் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. மாவு என்பதை 'ஃப்ளவர்' என்றோ 'ஆட்டா' என்றோ மொழிபெயர்த்தால் உலர்ந்த மாவைத் தேடுகிறவர்தான் வருவார். அரைத்த ஈர மாவுக்கு இங்கே 'பேட்டர்' என்றுதான் பெயர். கொலு பொம்மைக்காரருக்கு இன்னும் விரிவான அகராதி வேண்டும். நாம் கொலு என்பதை ஆங்கிலத்தில் 'கே' போட்டு எழுதுகிறவரும் 'ஜி' போட்டு எழுதுகிறவரும் உண்டு. தெலுங்கர் 'பொம்மல கொலுவு' என்பார். கன்னடர் 'கொம்பெ' என்பார். மூவரும் தில்லியில்தான் இருக்கிறார்கள்; மூவருக்கும் படி அமைக்க ராஜா ராணி பொம்மை வேண்டும்.

சொல்லை எங்கே பிடிப்பது?

முதல் இடம் கம்ப்யூட்டர் அல்ல, நம் வீட்டு டெலிபோன். இதுவரை நம்மிடம் வாங்கிய வெளியார் முதல் தடவை பேசியபோது எப்படிக் கேட்டார்கள்? வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்திகளைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். "ஆன்ட்டி, வோ சாம்பார் வாலா மசாலா ஹை?" என்று கேட்டிருப்பார். "லஹ்சுன் தோ நஹீ ஹை?", அதாவது பூண்டு கிடையாதே, என்று ஒருவர் கேட்டிருப்பார். "கித்னா தீக்கா ஹை?" என்று காரத்தைப் பற்றி இன்னொருவர். இவற்றை அப்படியே, திருத்தாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பட்டியலைவிட இது மேல் என்பது என் கருத்து. ஏனென்றால் இது பணம் கொடுத்து வாங்கியவரின் வாய்ச்சொல்.

இரண்டாவது இடம் கூகுளின் தேடல் பெட்டி. பாதிச் சொல்லைத் தட்டியதும் கீழே அதுவே சில தொடர்களை நீட்டுகிறதல்லவா? 2008 முதல் கூகுளின் முதற்பக்கத்தில் உள்ள வசதி இது. அந்தத் தொடர்கள் பெரும்பாலும் மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருகின்றன. ஆனால் நாம் இருக்கும் ஊரும் நாம் முன்பு தேடியவையும் அதில் கலந்துவிடும். ஆகவே பிரவுசரில் நம் பழைய தேடல் கலவாத தனி ஜன்னலைத் திறந்துகொண்டு பார்ப்பது நல்லது. சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஆங்கிலத்தின் ஏ, பி, சி என்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வேலை. பொழுதும் நன்றாகப் போகும். 'சாம்பார்ப் பொடி செய்வது எப்படி', 'சாம்பார்ப் பொடியில் என்ன சேர்ப்பது' என்பது போலப் பலவும் வந்து விழும். முடிவுப் பக்கத்தின் அடியிலும் நடுவிலும் 'மற்றவர்கள் கேட்டவை' என்ற வகையில் சில கேள்விகள் இருக்கும். அவற்றையும் நோட்டில் ஏற்றுங்கள்.

மூன்றாவது, 'கூகுள் டிரெண்ட்ஸ்'. 2006-இல் தொடங்கிய இலவச வசதி இது. இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் எது அதிகம் தேடப்படுகிறது என்று கோடு வரைந்து காட்டும். இந்தியா முழுவதற்கும் பார்க்கலாம், மாநிலவாரியாகவும் பார்க்கலாம். 'எச்' போட்ட சாம்பார் மசாலாவுக்கும் 'எச்' போடாத சாம்பார் பவுடருக்கும் தில்லியில் யாருக்கு மதிப்பு, சென்னையில் யாருக்கு மதிப்பு என்று அங்கே பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதில் வரும் 100 என்பது நூறு பேர் அல்ல, அந்தக் காலத்தில் இருந்த உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பாகக் காட்டுவது.

எண்ணிக்கை வேண்டுமென்றால் விளம்பரதாரர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் 'கீவேர்ட் பிளானர்' இருக்கிறது. அதற்கு ஒரு விளம்பரக் கணக்குத் தொடங்க வேண்டும். விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாதவர்களுக்கு அது மாதத்துக்கு 100 முதல் 1,000 வரை என்பது போல அகலமான கணக்கைத்தான் காட்டும். போதும். நமக்குத் தேவை யானையா பூனையா என்பதுதான். கிராம் கணக்கு வேண்டாம். அதில் 'போட்டி: குறைவு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பலர் சந்தோஷப்படுகிறார்கள். அது விளம்பரம் கொடுப்பவர்களுக்கிடையே உள்ள போட்டி. இலவச வரிசையில் முன்னேறுவது சுலபமா கடினமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தப் பெரிய தொகைகளைப் பார்த்து மயங்காதிருப்பதற்கு இன்னொரு செய்தி. ஒவ்வொரு நாளும் தன்னிடம் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் தான் கண்டிராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. மனிதர்கள் அவ்வளவு விதமாகக் கேட்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் ஏறாத கேள்விக்கும் ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

சொற்களைச் சேர்த்தபின் பலர் நேரே எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, ஒவ்வொரு சொல்லையும் தட்டிவிட்டு முதல் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்ப்பது. மேலே 'ஸ்பான்சர்டு' என்று எழுதியிருந்தால் அது பணம் கட்டிய விளம்பரம், அதை விட்டுவிடுங்கள். அதன்கீழே இருப்பவைதான் நம் கணக்கு.

'சாம்பார் பவுடர்' என்று தட்டினால் பெரிய மசாலாக் கம்பெனிகளும் அமேசான் போன்ற பெருங்கடைகளும் இருக்கும். அங்கே நாம் நுழைவது சாந்தினி சௌக்கில் தீபாவளிக்கு முதல் நாள் காரை ஓட்டிக்கொண்டு போவது போல. 'சாம்பார்ப் பொடி செய்வது எப்படி' என்று தட்டினால் சமையல் குறிப்புகளும் வீடியோக்களும் வரும். தேடுகிறவர் வாங்க வரவில்லை, அரைக்க வந்திருக்கிறார். மேலும், 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்த செயற்கை அறிவுச் சுருக்கம் இப்படிப்பட்ட பல கேள்விகளுக்குப் பக்கத்தின் உச்சியிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறது. கேட்டவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். உள்ளே வர வேண்டிய அவசியமே இராது. குறிப்பு எழுதிப் பெயர் வாங்க நினைப்பவர் எழுதட்டும். பொடி விற்க வேண்டியவருக்கு அந்தச் சொல்லில் லாபம் குறைவு.

அடுத்ததாக 'தில்லியில் வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி', 'பூண்டு இல்லாத சாம்பார் மசாலா, மயூர் விஹார்' என்பது போன்ற நீண்ட தொடர்களைத் தட்டிப் பாருங்கள். அங்கே நிற்கும் பக்கங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கின்றனவா, அல்லது வேறு ஒன்றும் இல்லாததால் கூகுள் எதையோ கொண்டுவந்து நிரப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது வகை என்றால் அது நமக்கான இடம். இதைத் தேடுகிறவர்கள் மாதத்துக்கு நாற்பது பேர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவர்களில் நான்கு பேர் வாங்கி, இருவர் மாதாமாதம் வாங்கத் தொடங்கினால், ஓராண்டில் இருபதுக்கு மேல் நிரந்தர வாடிக்கையாளர். ஒரு வீட்டு மிக்ஸிக்கும் இரண்டு கைகளுக்கும் அதற்கு மேல் வந்தால் தாங்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்!

பக்கத்தில் என்ன எழுதுவது?

தேடுசொல் கிடைத்ததும் அதையே ஐம்பது தடவை எழுதிவிட்டால் கூகுள் மேலே தூக்கிவிடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்தக் காலம் ஒன்று இருந்தது. 1990-களின் தேடுபொறிகள் சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்கு அதிக மதிப்புக் கொடுத்தன. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைத்தவர்கள் உண்டு. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் தொடங்கிய கூகுள், ஒரு பக்கத்தை வேறு யாரெல்லாம் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தது. ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் பார்ப்பார்களே, அந்த யோசனைதான். உடனே அந்தச் சுட்டிகளையும் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். பக்கத்தின் உட்புறத்தில் 'கீவேர்ட்ஸ்' என்று தனியாகப் பட்டியலிடும் இடத்தை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. 2011-இல் 'பாண்டா' என்ற மாற்றம் உப்புச்சப்பில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012-இல் 'பெங்குவின்' விலைக்கு வாங்கிய சுட்டிகளைக் குறிவைத்தது. இன்றைக்கும் அந்த 'கீவேர்ட்ஸ்' பட்டியலை நிரப்பித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

ஸ்பெல்லிங் மாற்றங்களைப் பற்றியும் ஒரு சொல். கூகுள் இன்று 'எச்' உள்ளதையும் இல்லாததையும் பெரும்பாலும் ஒன்றென்று புரிந்துகொள்கிறது. ஆகையால் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனிப் பக்கம் வேண்டாம். காலனிக்கு ஒரு பக்கமாக ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இருபது பக்கம் போடுவது கூகுளின் விதிகளுக்கே விரோதம். ஒரு தேவைக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தின் தலைப்பு, தேடுகிறவர் ஒரே பார்வையில் "இதுதான் நான் கேட்டது" என்று அறிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். முடிவுப் பட்டியலில் அவர் முதலில் காண்பது அதைத்தான். 'எங்கள் இல்லத்து மணம்' என்று கவிதையாகத் தலைப்பு வைத்தால் ஊதுவத்திக் கடை என்று நினைத்துப் போய்விடுவார். 'வீட்டில் அரைத்த சாம்பார் மசாலா, பூண்டு இல்லாதது. கிழக்கு தில்லி, நொய்டா' என்றால் போதும். முதல் பத்தியில் 'சாம்பார்ப் பொடி' என்ற நம் பெயரும் 'சாம்பார் மசாலா' என்ற அவர் பெயரும் இரண்டும் இயல்பாக வந்துவிடட்டும்.

பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அதில் உள்ள கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். என்னென்ன சேர்கிறது, பெருங்காயம் உண்டா, பூண்டு உண்டா, காரம் எவ்வளவு, எந்தக் கிழமை அரைக்கிறீர்கள், எத்தனை நாள் கெடாது, கால் கிலோ என்ன விலை, எந்தெந்தப் பகுதிக்குக் கொண்டுவந்து தருவீர்கள், எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் என்ன. வடக்கத்தியருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: இந்தப் பொடியை எத்தனை ஸ்பூன், எப்போது போடுவது? நமக்கு அது கேள்வியே அல்ல. புளி கொதிக்கும்போது போடுவோம். அவர் தால் தட்காவில் தூவுவது போலக் கடைசியில் தூவிவிட்டு "பச்சை வாசனை வருகிறது" என்று குறை சொல்வார். நாலு வரியில் அதை எழுதிவைத்தால் படிக்கிறவருக்கும் நன்மை, நமக்கும் அவப்பெயர் இல்லை. பெரிய கம்பெனியின் பக்கத்தில் இந்த நாலு வரி இருப்பது அரிது. படம் உங்கள் வீட்டு வறுத்த மிளகாயும் மல்லியுமாக இருக்கட்டும். எங்கிருந்தோ எடுத்த படம் வேண்டாம்.

இவ்வளவு வார்த்தை இருந்தால்தான் மேலே வரும் என்று கூகுள் எந்த அளவும் வைக்கவில்லை. கேள்விகள் தீர்ந்ததும் நிறுத்திவிடலாம்.

வரைபடத்தில் ஓர் இடம்

இணையப் பக்கமே இல்லாதவர்களும் செய்யக்கூடியது, கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்வது. 2021-இலிருந்து அதற்கு 'பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர், கட்டணம் இல்லை. 'என் அருகில்' என்று தேடுகிறவருக்கு வரைபடத்தோடு வரும் வரிசை இதிலிருந்துதான் வருகிறது. அந்த வரிசைக்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. துவாரகாவில் இருப்பவருக்கு மயூர் விஹார் வீடு முன்னால் வரவில்லை என்றால் வருத்தப்பட வேண்டியதில்லை.

வீட்டில் இருந்து நடத்துகிறவர்கள், முக்கியமாகத் தனியாக இருக்கும் பெரியவர்கள், வீட்டு விலாசத்தை உலகறியப் போட வேண்டாம். விலாசத்தை மறைத்துவிட்டு, கொண்டுபோய்த் தரும் பகுதிகளை மட்டும் காட்டலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்க இடம் உண்டு. ஆனால் வாடிக்கையாளரை நேரில் சந்தித்துக் கொடுக்கும் தொழிலுக்குத்தான் இந்த வசதி. கூரியரில் மட்டுமே அனுப்புகிறவருக்கு இல்லை. தொழில் உண்மையானதுதானா என்று தெரிந்துகொள்ளச் சிறு வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்கலாம். பெயர் என்ற இடத்தில் உண்மைப் பெயரைத்தான் போட வேண்டும். 'பெஸ்ட் சாம்பார் மசாலா டெல்லி நொய்டா' என்று தேடுசொற்களைப் பெயரோடு கட்டிவிட்டால் பதிவையே நிறுத்திவிடுவார்கள்.

வாங்கியவர்களை இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. "எழுதினால் கால் கிலோ இலவசம்" என்று சொல்வது விதிகளின்படி தவறு. மைத்துனர், மாமா என்று குடும்பத்தாரை வைத்து எழுதவைப்பதும் அப்படித்தான். இணைய விமரிசனங்களில் பொய் கலக்கக் கூடாது என்பதற்காக இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் ஒரு தரநிலையே வெளியிட்டிருக்கிறது.

பெயரை விட்டுக்கொடுப்பதா?

இந்த இடத்தில் நம்மவர் சிலருக்கு ஒரு மனத்தாங்கல் வருகிறது. அது நியாயமானதும்கூட. "முறுக்கை நான் ஏன் சக்லி என்று சொல்ல வேண்டும்? நாற்பது வருஷமாகத் தில்லியில் இருந்தும் பொடியைப் பொடி என்றுதானே சொல்லி வருகிறோம்? பேரக்குழந்தைகள் அதையும் மறந்துவிடுவார்களே" என்கிறார்கள். முறுக்கும் சக்லியும் முழுக்க ஒன்றுமல்ல. மாவும் பக்குவமும் வேறுபடும். வேறான ஒன்றுக்கு அந்தப் பெயரை ஒட்டினால் வாங்கியவரும் ஏமாந்துபோவார்.

என் அபிப்பிராயம் இது. பெயர் வேறு, வாசல் வேறு. பாக்கெட்டின் மேல் தமிழில் 'சாம்பார்ப் பொடி' என்று பெரிதாக அச்சிடுங்கள். பக்கத்தின் வாசலில், அதாவது தலைப்பிலும் முதல் வரியிலும், வருகிறவருக்குப் புரிகிற சொல் இருக்கட்டும். உள்ளே வந்தபின் "தமிழ்நாட்டில் இதைப் பொடி என்கிறோம், மசாலா என்று தேடி வந்தீர்கள், இதுதான் அது" என்று ஒரு வரி. முறுக்குக்கும் அப்படியே: "சக்லியைப் போன்றது, இதில் அரிசி மாவும் உளுந்தும்." அதைப் படித்து வாங்கிய அந்தப் பஞ்சாபி அம்மாள் அடுத்த தடவை போனில் "பொடி பேஜ் தீஜியே" என்பார். நம் சொல் இன்னொரு வீட்டுச் சமையலறைக்கும் போய்ச் சேர்ந்ததாகத்தான் நான் கொள்வேன்.

தமிழ் எழுத்திலேயே தேடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத் தமிழில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். புதிதாக மாற்றலாகி வந்தவருக்கு வடக்கத்தி முடிவுகளின் நடுவே நாலு வரி தமிழைப் பார்ப்பதே ஆறுதல்.

எத்தனை நாள் ஆகும்?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நல்ல முறையில் செய்த மாற்றங்களின் பலன் தெரியப் பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்பது கூகுள் தரப்பிலிருந்தே சொல்லப்பட்ட கணக்கு. கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதுவே எழுதிவைத்திருக்கிறது. முப்பது நாள் உத்தரவாதக்காரர் போன் செய்யும்போது இதை மட்டும் சொல்லுங்கள். எந்தத் தேடுசொல்லுக்கு முதலிடம், அதை மாதத்துக்கு எத்தனை பேர் தேடுகிறார்கள் என்றும் கேளுங்கள். யாருமே தேடாத ஒரு தொடருக்கு முதலிடம் வாங்கித் தந்துவிட்டு ரசீது கொடுப்பது பழைய வித்தை.

பருவத்துக்கு விற்கிறவர்கள் இந்த நான்கு மாதத்தைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ள வேண்டும். கொலு பொம்மையை ஜனங்கள் தேடுவது நவராத்திரியை ஒட்டிச் சில வாரங்கள்தான். புரட்டாசியில் உட்கார்ந்து பக்கம் போட்டால் அடுத்த வருஷத்துக்குத்தான் ஆகும். வைகாசியிலேயே எழுதிவிட வேண்டும். அதே பக்கத்தை வருஷாவருஷம் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பழையதை அழித்துவிட்டுப் புதுப் பக்கம் போடுகிறவர்கள் சேர்த்த மதிப்பைத் தாங்களே கலைத்துவிடுகிறார்கள்.

இடைப்பட்ட மாதங்களில் வேறு யாராவது நம்மைச் சுட்டிக்காட்டுவது உதவும். சங்க விழாவில் கடை போட்டால், சங்கத்தின் இணையப் பக்கத்தில் கடைகளின் பெயர்ப் பட்டியல் வரும்போது நம் பக்கத்துக்கும் ஒரு சுட்டி கொடுக்கச் சொல்லலாம். நம் பொடியை வாங்கும் சிறு ஓட்டல்காரர் தம் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். இவை உண்மையான உறவுகள். விலைக்கு விற்கும் ஆயிரம் சுட்டிகளுக்கு இந்த யோக்கியதை கிடையாது.

நான்காம் மாதம் பார்க்க வேண்டியது 'சர்ச் கன்சோல்'. இதுவும் இலவசம். உங்கள் பக்கம் எந்தெந்தத் தேடுசொல்லுக்கு எத்தனை தடவை பிறர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்று மூன்றையும் காட்டும். பதினாறு மாதக் கணக்கு அதில் இருக்கும். கண்ணில் பட்டும் ஒருவரும் உள்ளே வரவில்லை, ஆனால் இடம் ஐந்தாவதோ ஆறாவதோ என்றால் தலைப்பில்தான் கோளாறு, மாற்றிப் பாருங்கள். முப்பதாவது இடத்தில் நிற்கிறது என்றால், முதல் பக்கத்தில் இருப்பவர் சொல்லாத எதை நாம் சொல்ல முடியும் என்று யோசித்துப் பக்கத்தை வளர்க்க வேண்டும். அந்தப் பட்டியலின் அடியில், ஒன்று இரண்டு தடவை மட்டுமே தேடப்பட்ட சொற்களையும் விடாமல் படியுங்கள். சாம்பார் மசாலாவுக்காக எழுதிய பக்கத்தை யாரோ ஒருவர் 'ரசம் மசாலா பூண்டு இல்லாமல்' என்று தேடி வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். நோட்டுப் புத்தகத்தில் அடுத்த தாளைத் திருப்பி அதை எழுதிக்கொள்ளுங்கள்.